நிலத்தெழுத்தும் அயல்மொழியும்

மரச்சீனி என்று சொன்னால் பாறசாலையிலும் புரியும், மார்த்தாண்டத்திலும் புரியும். மதுரைக்காரருக்கு மரவள்ளிக்கிழங்கு என்று விளக்க வேண்டும். கோட்டயத்துக்காரருக்குக் கப்பை என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தார் அதை மலையாளம் என்கிறார்கள், மறு பக்கத்தார் தமிழ் என்கிறார்கள். கிழங்கோ பிரேசில் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது.

நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடியில் கடலை ஒட்டிக் கிடக்கிறது காஞ்சிரங்குளம். காஞ்சிரம் என்றால் எட்டி மரம். தெற்கே நெய்யாறு கடலில் சேரும் பூவார். கிழக்கே பாறசாலை, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. வடக்கே பாலராமபுரம். பாலராம வர்மா காலத்தில் தமிழகத்திலிருந்து வரவழைத்துக் குடியேற்றப்பட்ட சாலியர்கள், தறியோடு தங்கள் தமிழையும் அங்கே கொண்டுவந்தார்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போது, புத்தகத்தில் இருக்கும் மொழி எதுவானாலும் அது வீட்டில் பேசும் மொழியிலிருந்து கொஞ்சம் விலகியே நிற்கிறது. அயல்மொழியைக் குழந்தைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பிறந்ததென்று பலரும் நினைக்கிறார்கள். இந்த எல்லைக் கிராமங்களில் அதற்கு ஐந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைந்த வயது.

அதற்கும் முந்தியது மணல். குடிப்பள்ளிக்கூடத்து ஆசான் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை வரையச் செய்வார். பிறகு தரையில் பரப்பிய மணலில் பிள்ளையே வரைய வேண்டும். இதற்கு நிலத்தெழுத்து என்று பெயர், சொல்லித்தருபவர் நிலத்தெழுத்தாசான். விரல் ஓடும்போதே வாய் அந்த எழுத்தை உரக்கச் சொல்லும். கண், காது, நாக்கு, விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

ஆசான் ஒருவரே அத்தனை பிள்ளைகளையும் பார்க்க முடியாது. பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித்தருவான். தமிழில் அவன் சட்டாம்பிள்ளை, திருவிதாங்கூரில் சட்டம்பி. திருவனந்தபுரத்துப் பேட்டையில் ராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் படித்த குஞ்ஞன் என்ற ஏழைச் சிறுவன் இப்படிச் சட்டம்பியாக இருந்தான். வளர்ந்து துறவியான பின்னும் அந்தப் பெயர் போகவில்லை. கேரளம் இன்றைக்கும் அவரைச் சட்டம்பி சுவாமிகள் என்றுதான் அழைக்கிறது. பள்ளிக்கூடத்து வேலைப்பெயர் ஒரு ஞானியின் பெயராகவே நிலைத்தது.

இந்தக் கடற்கரையில் ஐரோப்பியர் ஒருவரின் பாடம் ஒலித்தது 1544-இல். பிரான்சிஸ் சவேரியார் அந்த ஆண்டின் இறுதியில் தென் திருவிதாங்கூர்க் கடலோரத்தில் ஊர் ஊராக நடந்தார். பூவாரும் அந்தப் பாதையில் உண்டு. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் எழுதிய கடிதம் பலரும் அறிந்தது. மொழிக்கதை பார்ப்பவருக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று. அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய தாய்மொழி போர்ச்சுகீசியமும் அல்ல, பாஸ்க். முத்துக்குளித்துறையில் இரண்டு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைத் திரட்டினார். ஒவ்வொரு வரியாக அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். மொழி தெரியாத ஆசிரியர், எழுத்து தெரியாத மாணவர்கள், இருவருக்கும் நடுவே சத்தம் மட்டுமே. ஆனாலும் பாடம் நடந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் முதலிலேயே கண்டுகொண்டார்.

பத்து வருடம் கழித்து, 1554 பெப்ரவரியில், லிஸ்பன் நகரில் 'கார்த்தில்யா' என்ற சிறுநூல் அச்சானது. கார்த்தில்யா என்றால் பிள்ளைகளின் அரிச்சுவடி. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியப் பொருளைச் சேர்த்திருந்தார்கள். அதைச் செய்தவர்கள் வின்சென்டே டி நசரே, ஜோர்ஜ் கார்வாலோ, தோமா டா குரூஸ் என்று பெயரிடப்பட்ட மூவர். மூவருமே நம் பக்கத்து ஆட்கள், கடல் கடந்து போனவர்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியது ஒரு மதநூலில் என்பது சரி. அது ஒரு இருமொழிப் பாடநூலும்கூட என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. போர்ச்சுகீசியர் போய்விட்டார்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம் என்று அவர்கள் விட்டுப்போன சொற்களை அயல் என்ற நினைப்பே இல்லாமல் பிள்ளைகள் பேசுகிறார்கள்.

மணல் இந்தக் கதைக்குள் மறுபடி வருவது தரங்கம்பாடியில். 1706 ஜூலை 9-ஆம் தேதி ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது இருபத்து நாலு வயது நிறையவிருந்தது. தமிழ் கற்க அவருக்கு இலக்கணமும் கிடைக்கவில்லை, அகராதியும் கிடைக்கவில்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டுக்கே பள்ளியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தாமும் விரலால் எழுதினார். அடுத்த ஆண்டே தமிழில் பிரசங்கம் செய்யும் அளவுக்கு அவருக்கு மொழி வந்தது. 1716-இல் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் வெளிவந்தது. ஐரோப்பாவில் கல்வியாளர் கொமேனியஸ் படம் போட்ட லத்தீன் பாடநூலை 1658-இல் கொண்டுவந்து, பிரம்படி இல்லாமல் குழந்தைக்கு மொழி கற்றுத்தரலாம் என்று காட்டியிருந்தார். தரங்கம்பாடித் திண்ணையில் படமும் இல்லை. மணலும் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் குரலும் போதுமானதாக இருந்தன.

அதே மணல் கடலையும் கடந்தது. சென்னை எழும்பூரில், படைவீரர்களுக்குப் பிறந்த அநாதைச் சிறுவர்களின் விடுதியை 1789 முதல் ஆண்ட்ரூ பெல் பார்த்துவந்தார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் மலபார்கள் என்றே எழுதினார்கள். தம் விடுதியில் அதையே செய்யச் சொன்னபோது சம்பளம் வாங்கும் ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் அந்த வேலையை ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். பையன் தன்னைவிடச் சிறியவர்களுக்கு ஆங்கில எழுத்துகளை மணலில் கற்றுக்கொடுத்துவிட்டான். ஊருக்குத் திரும்பிய பெல் 1797-இல் லண்டனில் இதை நூலாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் ஏ, பி, சி எழுதினார்கள். சட்டாம்பிள்ளைக்கு அங்கே 'மானிட்டர்' என்று பெயர். நம் பள்ளிகளில் இன்று கிளாஸ் லீடர் வைக்கும்போது அதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அது நம் திண்ணையிலிருந்து போய்த் திரும்பி வந்தது.

திருவிதாங்கூரில் ஆங்கிலம் முதலில் நுழைந்த இடங்களில் ஒன்று அரண்மனை. 1813-இல் பிறந்த மன்னர் சுவாதித் திருநாளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கத் தஞ்சாவூரிலிருந்து சுப்பராவ் என்ற மராத்தியர் வந்தார். மக்கள் அவரை 'இங்கிலீஷ் சுப்பராவ்' என்றே அழைத்தார்கள், பின்னாளில் அவர் திவானும் ஆனார். தஞ்சையிலிருந்து ஆள் வந்ததில் ஆச்சரியமில்லை. 1780-களிலேயே ஷுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வித்திட்டிருந்தார். 1825-இல் கர்னல் வெல்ஷ் என்ற அதிகாரி திருவனந்தபுரம் வந்தபோது சுவாதித் திருநாளுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. அந்தச் சிறுவன் ஆங்கிலம் படித்துக் காட்டியதையும், பாரசீகமும் சமஸ்கிருதமும் வாசித்ததையும், யூக்ளிட் கணிதத்தை விளக்கியதையும் வெல்ஷ் வியந்து எழுதிவைத்தார். வீட்டிலேயே ஆசிரியர், நாள் முழுக்க நேரம், காதில் விழுந்துகொண்டே இருக்கும் பல மொழிகள். இத்தனையும் இருந்தால் ஒரு குழந்தையால் என்ன முடியும் என்பதற்கு அரண்மனை ஒரு சாட்சி.

அரண்மனைக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது லண்டன் மிஷன். 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அதன் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். மயிலாடியில் உள்ளூர்க்காரர் வேதமாணிக்கத்தின் துணையோடு ஆலயமும் பள்ளியும் எழுந்தன. 1818-இல் சார்லஸ் மீட் வந்து, நாகர்கோவிலில் செமினரி தொடங்கினார். பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1819 கடைசியில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி வந்துசேர்ந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளும் அங்கே ஊசியையும் எழுத்தையும் சேர்த்தே பிடித்தார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822-இல் நாகர்கோவிலிலேயே பிறந்தாள். வீட்டில் ஆங்கிலம், முற்றத்தில் தமிழ். வேலைக்காரப் பெண்களோடும் விடுதிப் பிள்ளைகளோடும் விளையாடி வளர்ந்த அவளுக்குத் தமிழ் அயல்மொழியாகவே இருக்கவில்லை. 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனாள். பேச்சுத்தமிழின் நெளிவுசுளிவில் கால்டுவெல்லை மிஞ்சியவள் அவள் என்பது அவர்களை அறிந்தவர்கள் சொன்னது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அறிஞருக்கு, சின்ன வயதிலேயே தமிழை விளையாட்டோடு கற்ற மனைவி வாய்த்திருந்தாள். இலக்கணம் படித்து வந்த மொழியும் விளையாடி வந்த மொழியும் ஒரே வீட்டில் இருந்தன. இந்தக் கட்டுரைக்கு வேறு எந்தச் சான்றும் கிடைக்காவிட்டாலும் எலைசா ஒருத்தியே போதும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1817-இல் ராணி கௌரி பார்வதிபாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற கருத்தில் நீட்டு என்னும் அரசாணையை வெளியிட்டார். 1834-இல் சுவாதித் திருநாள், நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஜான் ராபர்ட்ஸைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் பள்ளி தொடங்கச் செய்தார். இரண்டு ஆண்டுகளில் அது 'ராஜாவின் இலவசப் பள்ளி' ஆனது. 1866-இல் கல்லூரியாக உயர்ந்தது, இன்றைக்கு யுனிவர்சிட்டி கல்லூரி. மெக்காலே தம் பெயர்பெற்ற குறிப்பை எழுதியது 1835 பெப்ரவரியில். அதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பாடம் தொடங்கிவிட்டது. இந்தியாவில் ஆங்கிலக் கல்வி என்றாலே மெக்காலேயிடமிருந்து தொடங்குபவர்கள் தெற்கே ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் இலவசப் பள்ளி என்றால் எல்லோருக்குமான பள்ளி என்று அர்த்தமில்லை. காஞ்சிரங்குளம், பாறசாலை வட்டாரத்தில் பனையேறியவர்களின் பிள்ளைகளுக்கும், வயலில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கும் சர்க்கார் பள்ளியின் வாசல் நெடுங்காலம் அடைத்தே இருந்தது. ஆசானின் எழுத்துக்களரியிலும் சாதி பார்த்தே மணல் பரப்பினார்கள். அவர்களுக்கு எழுத்து கிடைத்த இடம் மிஷன் பள்ளிதான். நெய்யூரில் 1828-இல் மிஷன் நிலையம் அமைந்தது. 1840-களில் ஜான் ஆப்ஸ் பாறசாலைக்கு வந்து தங்கினார். சாமுவேல் மட்டீரும் சிலகாலம் அங்கே பணிசெய்தார், பின்பு திருவிதாங்கூர் மக்களின் வாழ்வைப் பற்றி இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். கூரைவேய்ந்த ஒற்றை அறையில் பகலில் பள்ளி, ஞாயிறன்று ஆராதனை. தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் அடுத்தடுத்து நடந்தன. அதற்கு மேல் போனவனுக்கு நாகர்கோவிலில் ஆங்கிலம்.

அந்த ஒற்றை அறைகளையும் சிலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தில், 1820-களின் பிற்பகுதியிலும் பிறகு 1858-59-இலும், ஆலயங்களோடு பள்ளிகளையும் எரித்தார்கள். மேலாடையையும் எழுத்தையும் ஒரே குற்றமாகப் பார்த்தவர்கள் வைத்த தீ அது.

1863-இல் வெங்ஙானூரில் அய்யங்காளி பிறந்தார். காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்து ஊர். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. தம் சமூகத்துப் பிள்ளைகளுக்காக வெங்ஙானூரில் அவர் எழுப்பிய பள்ளிக் கொட்டகையை எதிரிகள் அழித்தார்கள், மறுபடி எழுப்பினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம், அங்கே புல்தான் முளைக்கும் என்று அறிவித்து, புலையர்களின் வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1910-களில் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அரசாணை அவர் பக்கம் இருந்தது. ஆனாலும் அவள் உட்கார்ந்த பள்ளியைக் கொளுத்திவிட்டார்கள். கருகிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் இன்றும் இருக்கிறது. பள்ளிக்கு இப்போது அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது.

இதே தாலுகாவின் அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் பாடினார். தம் மக்களை ஆங்கிலம் பயிலச் சொன்னார். ஒன்றைப் படித்தால் மற்றொன்று கெடும் என்ற பயம் அவரிடம் இல்லை.

திருவிதாங்கூர் ஆட்சி முடியும்வரை சாதாரணப் பிள்ளைக்கு ஆங்கிலம் பத்து வயதுக்குத்தான் வந்தது. நாலு வகுப்பு தாய்மொழியில், இலவசமாக. அதற்குப் பிறகு சம்பளம் கட்டி 'பிரிப்பரேட்டரி' வகுப்பு, பிறகு ஃபாரம் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை. சம்பளம் கட்ட முடியாதவன் நாலாம் வகுப்போடு நின்றான். அந்தத் தலைமுறையில் நாலு வகுப்பு படித்த பாட்டிகள் செய்தித்தாளை வரிவிடாமல் வாசிப்பதை இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். தாய்மொழி எழுத்து அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. ஆங்கிலம் இறங்காமல் போனதற்குக் காரணம் வயதல்ல, காசு.

1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டார்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தமிழகத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தோடு நின்றது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்த இணைப்புக்காகப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களின் நினைவு கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று மூன்று மொழிக்குள் போனார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1968-க்குப் பிறகு தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு. தமிழ் கற்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் தமிழகத்தில் 2006-இல் வந்தது. மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் கேரளத்தில் 2017-இல் வந்தது. களியக்காவிளையில் ஒரே சந்தையில் மீன் வாங்கும் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டு மொழி பாடத்திட்டத்தின்படி அயல்மொழி ஆகிவிட்டது.

இப்போது ஆங்கிலம் மூன்று வயதில், எல்.கே.ஜி.யில் தொடங்குகிறது. காஞ்சிரங்குளத்தில் அரசுக் கல்லூரியே வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலேயே பாட்டும் கதையும் விளையாட்டுமாக ஆங்கிலம் சொல்லித்தரும் 'ஹலோ இங்கிலீஷ்' திட்டத்தைக் கேரளம் சில ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்தது. முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகே எழுத்து என்ற வரிசை அதில் இருக்கிறது. சவேரியாரின் மணியும் ஆசானின் மணலும் போன வழி அதுவே. வீட்டுப் பேச்சை வகுப்பில் பேசக்கூடாது என்று தடுத்து, பேசிய பிள்ளைக்கு அபராதம் போடும் பள்ளிகள் இந்த வரலாற்றில் எந்தப் பக்கத்திலிருந்தும் பாடம் கற்கவில்லை. எலைசா மால்ட்டுக்குத் தமிழ் வந்தது ஆங்கிலத்தைப் பறித்துக்கொண்டதால் அல்ல. சுவாதித் திருநாளுக்கு ஆங்கிலம் வந்ததும் மலையாளத்தை மறந்ததால் அல்ல.

1956-க்கு முன் இந்த வட்டாரத்தில் மணலில் விரல் வைத்தவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். முதலில் எழுதியது தமிழ் எழுத்தா, மலையாள எழுத்தா, ஆசான் யார், எந்தப் பாட்டைச் சொல்லி எழுத்தை நினைவில் வைத்தார்கள், முதல் ஆங்கிலச் சொல்லை யார் வாயிலிருந்து கேட்டார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். பாறசாலையிலோ காஞ்சிரங்குளத்திலோ பூவாரிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொல்லும் மொழியிலேயே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதி வையுங்கள்.